"வெள்ளை அணு குறைஞ்சிருக்கும்மா... இந்த வாரம் கீமோ வேண்டாம்!" - கருப்பைவாய்ப் புற்றுநோய் சிகிச்சையில் எலும்பு மஜ்ஜையைக் காப்பது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் 48 வயதுப் பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர், இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை கோவைக்கு பஸ் ஏறுகிறார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஐந்து வாரங்கள் தினமும் கதிர்வீச்சு. வாரத்தில் ஒருநாள் கூடவே கீமோ.

நான்காவது வாரம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர், "வெள்ளை அணு குறைஞ்சிருக்கும்மா. இந்த வாரம் கீமோ வேண்டாம்" என்கிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனதில் ஒரே கேள்வி: "நான் சரியா சாப்பிடலையோ?"

அவர் மீது தவறில்லை. காரணம், கதிர்வீச்சு போகும் பாதையில் இருக்கிறது.

இடுப்பெலும்பு ஒரு ரத்தத் தொழிற்சாலை

நம் ரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. பெரியவர்களுக்கு, வேலை செய்யும் மஜ்ஜையில் சுமார் 40 சதவீதம் இடுப்பெலும்பிலும் அதை ஒட்டிய கீழ் முதுகெலும்பிலும்தான் இருக்கிறது. கருப்பைவாய் இருப்பதோ அந்த இடுப்புக்கூட்டின் நடுவில். கட்டியையும், நோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களையும் குறிவைத்துச் செலுத்தும் கதிர், சுற்றியிருக்கும் எலும்புகளையும் தொட்டுவிடுகிறது.

வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சின் மொத்த அளவு பொதுவாக 45 முதல் 50 கிரே. மஜ்ஜையோ அதில் பாதியைக்கூடத் தாங்காது. 10, 20 கிரே பட்டாலே உற்பத்தி சுணங்கிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் மஜ்ஜையைத்தான் பாதிக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் தாக்கும்போது, ஆயுள் குறைந்த வெள்ளை அணுக்கள் முதலில் சரிகின்றன. தட்டணுக்களும் குறையலாம். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்கள் வாழ்பவை என்பதால், அவற்றின் குறைவு மெதுவாகத்தான் தெரியும்.

கீமோவை விட்டுவிட்டால் என்ன?

"ஊசி ஒண்ணுதானே, போனா போகுது" என்று விட முடியாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, நோய் முற்றிய 3பி நிலையில் இருந்த 850 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் 46 சதவீதம். வாராவாரம் சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதம். நூறு பேரில் எட்டு உயிர்கள் கூடுதல்.

இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளே கருவி வைத்துத் தரும் பிராக்கிதெரபி உட்பட மொத்த சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். நாள் நீள நீள, கட்டி தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் ரத்த அணுக்களைக் காப்பாற்றுவது, சிகிச்சையையே காப்பாற்றுவதாகிறது.

கட்டிங் மாஸ்டர் செய்யும் வேலை

பழைய முறையில் முன், பின், இரு பக்கம் என நான்கு திசைகளிலிருந்து பெட்டி வடிவத்தில் கதிர் செலுத்துவார்கள். அந்தப் பெட்டிக்குள் எது இருந்தாலும் அடி விழும்.

ஐ.எம்.ஆர்.டி. என்ற புதிய முறையைத் திருப்பூர்க்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். கட்டிங் மாஸ்டர் துணியைச் சதுரமாகவா வெட்டுகிறார்? கழுத்து வளைவு, கை வளைவு என மார்க் போட்டு, அதன்படிதானே வெட்டுகிறார்! இங்கே மார்க் போடுவது சி.டி. ஸ்கேன் படத்தின் மீது. கட்டி எது, குடல் எது, சிறுநீர்ப்பை எது, எலும்பு எது என்று ஒவ்வொரு படத்திலும் டாக்டர் வரைகிறார். "இந்த எலும்பில் இவ்வளவுக்கு மேல் கதிர் படக் கூடாது" என்ற வரம்பைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். இயந்திரத்தின் வாயில் சீப்புப் பற்களைப்போல இருக்கும் உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து, கதிரை அந்த வடிவத்துக்குள் அடக்குகின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.எம்.ஆர்.டி. என்றாலே மஜ்ஜை தப்பிவிடும் என்பதில்லை. எலும்பையும் வரைந்து, வரம்பு சொன்னால்தான் கணினி அதை ஒதுக்கும். சொல்லாவிட்டால், பல கோணங்களிலிருந்து வரும் குறைந்த அளவுக் கதிர் எலும்பில் பரவலாகப் பட்டுவிடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் லோரன் மெல் தலைமையிலான குழு, 83 பெண்களிடம் நடத்திய பன்னாட்டு ஆய்வை 2017-ல் வெளியிட்டது. பெட் ஸ்கேன் மூலம் சுறுசுறுப்பான மஜ்ஜை எங்கே என்று பார்த்து, அதை ஒதுக்கிக் கதிர் தந்தபோது, வெள்ளை அணுக்கள் கடுமையாகக் குறைந்தவர்கள் 8.6 சதவீதம். அப்படிப் பார்க்காமல் ஐ.எம்.ஆர்.டி. தந்தபோது 27.1 சதவீதம். சிறிய ஆய்வுதான் என்றாலும் வித்தியாசம் பெரியது. பெட் ஸ்கேன் வசதி இல்லாத இடங்களில் சி.டி. படத்தில் தெரியும் எலும்பையே மஜ்ஜையாகக் கொண்டு திட்டமிடுகிறார்கள்.

குடலுக்கும் இந்தத் துல்லியம் பயன்படுகிறது. அறுவைசிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற 300 பெண்களிடம் டாடா மெமோரியல் நடத்திய ஆய்வில் (2021), நாள்பட்ட குடல் பாதிப்பு மூன்றாண்டுகளில் 42.4 சதவீதத்திலிருந்து 21.1 சதவீதமாகப் பாதியானது.

அதே நேரம், மஜ்ஜையைக் காப்பதால் ஆயுள் கூடும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எலும்பை ஒதுக்குகிறேன் என்று கட்டிக்கான அளவைக் குறைக்கவும் கூடாது. முதலிடம் எப்போதும் கட்டிக்குத்தான். பழைய முறையில் சிகிச்சை பெறுபவர்கள் கலங்க வேண்டாம். இடையில் நிறுத்தாமல் முடிப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

டாக்டரிடம் கேளுங்கள்

* எனக்கு எந்த முறையில் கதிர்வீச்சு தரப் போகிறீர்கள்?
* திட்டமிடும்போது இடுப்பெலும்பு மஜ்ஜையையும் கணக்கில் எடுப்பீர்களா?
* ரத்தப் பரிசோதனை வாரத்தில் எந்த நாள்? கீமோ தள்ளிப்போனால் அடுத்து என்ன?
* பிராக்கிதெரபி எப்போது?

வீட்டிலும் சில வேலைகள் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முட்டை, பருப்பு, நன்றாக வேகவைத்த காய், கீரை போதும். ரத்தம் ஊறும் என்று யாரோ தரும் லேகியத்தை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சம்பளம் என்னாவது?

சனிக்கிழமை சம்பளத்தை நம்பும் குடும்பத்துக்கு இந்த எட்டு வாரங்கள் பெரிய அடி. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருப்பது போன்ற தகுதிகளின்படி, புற்றுநோய்க்கு 80 சதவீத ஊதியம் வரையிலான நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனைக் கேட்டுப் பெறலாம். பிடித்தமே இல்லாத பீஸ் ரேட், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தாங்கள் சேர்ந்திருக்கிறோமா என்று இன்றே பார்ப்பது நல்லது.

இவ்வளவு தூரம் போகாமலே...

பஞ்சுத் தூசியும் சாயத் தண்ணீரும்தான் இந்த நோய்க்குக் காரணம் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. உண்மையில், கிட்டத்தட்ட எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கும் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கான சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. தாராபுரத்தைத் தாண்டி, ஒட்டன்சத்திரம் அருகே இருக்கும் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் வினிகர் போன்ற கரைசலைத் தடவிப் பார்த்தார்கள். நிறம் மாறியவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைத்தது. ஏழு ஆண்டுகளில், இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ் 2007-ல் இதை வெளியிட்டது.

அதே பரிசோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசம். சில நிமிட வேலை. மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால், "ஆர்டர் முடியட்டும்" என்று தள்ளிப்போடவே கூடாது.

ஆர்டர் அடுத்த மாதமும் வரும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிடுங்கள்.