உழைப்பும் இருதயமும்

மாரடைப்பு பெரிய அதிகாரிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் வரும் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பொறுப்பு மிகுந்தவர்க்கே கவலை மிகும், கவலை மிகுந்தவர்க்கே இருதயம் கெடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மருத்துவ ஆராய்ச்சி காட்டும் உண்மையோ வேறு.

இலண்டன் மாநகரின் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆண்களை, 1967-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில் மருத்துவர்கள் சோதித்தனர். மைக்கேல் மார்மட் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் அதன் முடிவை 1978-இல் வெளியிட்டனர். உயர்ந்த பதவியில் இருந்தோரைவிடக் கடைநிலை ஊழியரிடையே இருதய நோயால் இறந்தோர் விகிதம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே முடிவு செய்ய இயலாதவர்க்கு இருதய நோய் மிகுதியாக வருகிறது என்பது அதனால் புலப்பட்டது.

இதனை நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆதனக்கோட்டையில் அனலின் முன் அமர்ந்து முந்திரி வறுக்கும் பெண்கள், விராலிமலை ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைப்போர், கல்குவாரித் தொழிலாளர் ஆகியோருள் எத்தனை பேர் தம் வேலை நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ள முடியும்? கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குச் செல்லும் மீனவர்க்கு, அலையின் சீற்றத்தோடு, இலங்கைக் கடற்படையிடம் சிறைப்படுவோமோ என்னும் அச்சமும் உண்டு. கரையில் காத்திருக்கும் மனைவியின் நெஞ்சிலும் அவ்வச்சமே குடியிருக்கிறது.

அச்சமோ அவசரமோ நேரும்போது நம் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்களை இரத்தத்தில் கலக்கிறது. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, சர்க்கரையும் கூடுகிறது. இடர் நீங்கியதும் இவை தணிந்துவிட்டால் தீங்கில்லை. ஆனால் நாள்தோறும் தணியாமலே இருப்பின் இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. களைப்பை மறக்கப் பீடியையும் மதுவையும் நாடுவதும், உறக்கம் குறைவதும், நேரந்தவறி உண்பதும் அக்கேட்டை மேலும் வளர்க்கின்றன.

வேலை நேரத்திற்கும் இதில் பங்குண்டு. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும், பக்கவாதம் தாக்கும் அபாயம் 35 விழுக்காடும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதை நாம் அறிவோம். அது திரும்பப் பெறப்பட்டதாக மே முதல் நாளன்று முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலை என்பது கூலிக் கணக்கு மட்டுமன்று, உயிர்க் கணக்குமாகும்.

எனவே, வேலை கொடுப்போர் இடைவேளையையும் வார ஓய்வையும் சலுகையாகக் கருதலாகாது. ஷிப்டு மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தலும், தொழிலாளரின் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் செலவில்லாத மருந்துகள்.

குடும்பத்தினர்க்கும் கடமையுண்டு. வீடு திரும்பியவரிடம் வரவு செலவைக் கேட்கும் முன், உண்டாரா, உறங்கினாரா என்று கேட்போம். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அறிகுறியின்றியே வளர்வன; ஆதலின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாது பரிசோதித்துக்கொள்வோம். மார்பில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் ‘வெறும் வாயு’ என்று கஷாயம் கொடுத்துக் காலந்தாழ்த்த வேண்டாம். பெண்களுக்குக் குமட்டலும் பெருங்களைப்புமே அறிகுறிகளாக வருவதும் உண்டு. உடனே 108-ஐ அழைப்போம். மாரடைப்புக்கு முதலில் தரவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்க, 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டது.

பிள்ளைகளுக்காக இரவுபகலாக உழைக்கிறேன் என்று சொல்லும் தந்தையரும் தாயரும் நம் ஊரில் மிகப் பலர். அப்பிள்ளைகளுக்கு அவர்கள் ஈட்டும் பொருளினும் அவர்களே பெரிது.