ஆள் தேடுமுன் இருக்கும் ஆளைப் பாருங்கள்

புறக்கோட்டை முதலாம், இரண்டாம் குறுக்குத் தெருக்களிலும், அக்குறணை, காத்தான்குடி, கல்முனை போன்ற எமது வர்த்தக ஊர்களிலும் இன்று அதிகம் கேட்கும் முறைப்பாடு, வியாபாரம் குறைந்துவிட்டது என்பதல்ல. “நல்ல ஆள் கிடைப்பதில்லை” என்பதுதான். கணக்குத் தெரிந்த ஒருவர், களஞ்சியத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் ஒருவர், வாடிக்கையாளருடன் சிரித்துப் பேசும் விற்பனையாளர் ஒருவர் வேண்டும் என்று கடை வாசலில் அறிவித்தல் ஒட்டி மாதக் கணக்காகிறது. வருபவர்களும் ஒரு பெருநாள் சீசன் முடிந்ததும் போய்விடுகிறார்கள்.

இதற்கு வெளிக் காரணம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். அந்த அலை இன்னும் ஓயவில்லை. எனினும் ஒரே தெருவில் ஒரு கடையில் ஆட்கள் பத்து வருடமாக நிற்க, பக்கத்துக் கடையில் பத்து மாதமும் நிற்பதில்லையே? கட்டாரையும் சவூதியையும் குறை சொல்லி இதற்கு விளக்கம் கூற முடியாது.

சிறிய நிறுவனத்துக்கு ஆள் வரும் வழியைச் சற்று யோசியுங்கள். பெரிய கம்பனிகள் பத்திரிகையில் விளம்பரம் செய்கின்றன. அவற்றின் பெயரைக் கேட்டே விண்ணப்பங்கள் குவிகின்றன. எமது கடைக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஊழியரின் மச்சான், அயல்வீட்டுப் பையன், ஒன்றாகப் படித்தவன் என்றுதான் வருகிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முன்பே அந்த இளைஞன் தேநீர்க் கடையில் வைத்து உங்கள் ஊழியரிடம், “நாநா, அங்க வேலை எப்படி? ஹாஜியார் எப்படி?” என்று கேட்டுவிடுகிறான். அந்த நாநா சொல்லும் பதில்தான் உங்கள் விளம்பரம். அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அவர் என்ன சொல்வார்? சம்பளம் திகதிக்குக் கிடைக்கிறதா, ஈ.பி.எப். கட்டுகிறார்களா, லீவு கேட்டால் முகம் சுழிக்கிறார்களா, வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசுகிறார்களா என்ற இந்த நான்கைத்தான் பெரும்பாலும் சொல்வார்.

சட்டம் கேட்பது

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும் என்பதும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மாத்திரம் 3 வீதம் செலுத்த வேண்டும் என்பதும் அநேகமாக எல்லோரும் அறிந்தவை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். 40,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவருக்கு முதலாளியின் பங்கு 4,800 ரூபாவும் 1,200 ரூபாவுமாக மாதம் 6,000 ரூபா. “பெடியன் கையில் காசைத்தான் கேட்கிறான்” என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பதினெட்டு வயதில் அவன் கையில்தான் கேட்பான். இருபத்தெட்டு வயதில் திருமணம் முடித்து, வீட்டுக் கடனுக்கு ஈ.பி.எப். மீதியைப் பிணையாகக் காட்டும் நண்பனைப் பார்க்கும்போது, தன் பெயரில் ஒரு சதமும் இல்லை என்பது அவனுக்கு விளங்கும். நீங்கள் ஐந்தாறு வருடம் பழக்கி எடுத்த ஆள் உங்களை விட்டுப் போவது அந்த வயதில்தான்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியால வேலையையும் ஒன்றரை நாள் விடுமுறையையும் சொல்கிறது. இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் கடைகளுக்கு இது சிரமம்தான். ஆனால் ஊழியர்களை முறை வைத்து அனுப்ப முடியும். மலையகத்திலிருந்து வந்து நிற்கும் பையனுக்குத் தீபாவளிக்கும், சிங்கள ஊழியருக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கும் கேட்காமலே லீவு கொடுத்தால், நோன்பு இருபத்தேழில் கடை நிரம்பி வழியும்போது அவர்கள் முகம் கோணாமல் நிற்பார்கள். பெருநாளுக்கு உடுப்பும் காசும் கொடுப்பது எம்மவரின் நல்ல பழக்கம். ஆனால் அது அன்பளிப்பு. ஈ.பி.எப்.புக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் அதை ஈடாகக் கணக்குப் பார்ப்பது முறையல்ல.

புதியவருக்கு அதிகம், பழையவருக்குக் குறைவு

சிறிய நிறுவனங்களில் அதிக சேதத்தை உண்டாக்கும் விடயம் இதுதான் என்பது எனது அபிப்பிராயம். எட்டு வருடமாக நிற்கும் ஒருவர் 42,000 ரூபா பெறுகிறார். ஆள் கிடைக்காத அவசரத்தில் புதியவர் ஒருவரை 48,000 ரூபாவுக்கு எடுக்கிறீர்கள். ஒரு வாரத்தில் இது கடை முழுவதும் தெரிந்துவிடும். பழையவர் வாய் திறந்து கேட்கமாட்டார். உங்கள் உப்பைத் தின்றவர். ஆனால் அன்று முதல் அவர் களஞ்சியத்தில் குறைந்த சரக்கை உங்களுக்கு ஞாபகமூட்டமாட்டார், புதியவருக்குத் தொழிலும் சொல்லிக் கொடுக்கமாட்டார். மூன்று மாதத்தில் புதியவர் ஒன்றும் பிடிபடாமல் விலகுவார், ஆறு மாதத்தில் பழையவரும் விலகுவார். பெரும்பாலான கணக்குப் புத்தகங்களில் இந்த நட்டம் எந்தப் பக்கத்திலும் பதியப்படுவதில்லை.

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோதும் இதே சிக்கல் எழுந்தது. உதவியாளரின் சம்பளம் சட்டப்படி ஏறியது. அவருக்கு வேலை பழக்கியவரின் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

எனவே அறிவித்தல் ஒட்டுமுன் இருப்பவர்களின் சம்பளத்தைச் சரிசெய்யுங்கள். மூத்த ஊழியர் இருவருக்குத் தலா 5,000 ரூபா கூட்டினால் மாதம் 10,000 ரூபா. அதற்கான 15 வீதத்துடன் 11,500 ரூபா. விலை தெரியாத புதியவர் ஒரு மொத்த வியாபாரிக்குத் தவறாக எழுதும் ஒரு பற்றுச்சீட்டில் இதைவிடப் பெரிய தொகை போய்விடலாம்.

பொறுப்பும் படிப்பும்

கணக்கியல் படித்த இளைஞர்கள் எமது நிறுவனங்களுக்கு வரத் தயங்குவதற்குச் சம்பளம் மாத்திரம் காரணமல்ல. பத்து வருடம் நின்றாலும் ‘கடைப் பெடியன்’தான் என்பதும், முதலாளியின் மகன் படிப்பை முடித்து வந்ததும் மேசை அவருக்கே என்பதும் அவர்களுக்குத் தெரியும். மகனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூத்த விற்பனையாளர் ஒருவர் 5 வீதம் வரை உங்களைக் கேட்காமலே விலை குறைக்கலாம் என்று அனுமதி கொடுப்பதால் என்ன குறையும்? அவர் அன்று மாலை வீட்டில் பெருமையாகச் சொல்லும் விடயம் அதுவாகத்தான் இருக்கும். பதவிப் பெயருடன் ஒரு நியமனக் கடிதமும் கொடுங்கள். பெண் பார்க்கப் போகுமிடத்தில் அதன் பெறுமதி தெரியும்.

வெல்டிங், தையல், பேக்கரி, வாகனத் திருத்தம் போன்ற தொழில் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்கலாம். பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், வேலை அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற எமது நாட்டில் வழியுண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இதனைச் செய்கிறது. சான்றிதழ் கிடைத்தால் வெளிநாடு போய்விடுவான் என்ற பயம் நியாயமானது, சிலர் போவார்கள்தான். ஆனால் ‘அந்த பாஸிடம் வேலை பழகினால் சான்றிதழும் கிடைக்கும்’ என்ற பேச்சு ஊரில் பரவினால், போனவரின் தம்பி உங்கள் பட்டறைக்குத்தான் வருவான்.

விலகிச் செல்பவரை அனுப்பும் விதமும் இதில் அடங்கும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஒருவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் இறுதிச் சம்பளத்தின் அரை மாதம் வீதம் பணிக்கொடை கொடுக்கப்பட வேண்டும். 40,000 ரூபா பெற்ற மாதச் சம்பளக்காரருக்குப் பத்து வருடத்துக்கு இரண்டு இலட்சம் ரூபா. கொடுக்க 30 நாள் தவணை. 15 பேருக்குக் குறைவான இடமானாலும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கோர வழியுண்டு. இந்தத் தொகையை மாதாமாதம் ஒரு தனிக் கணக்கில் ஒதுக்கி வருபவருக்கு அது சுமையாகத் தெரியாது. ஒதுக்காதவர்தான் ஊழியரை ஆறு மாதம் கடை வாசலுக்கு அலைய விடுகிறார். வாசலில் உள்ள ‘ஆள் தேவை’ அறிவித்தலை வாசிக்க வருபவர்களும் அவரைக் காண்கிறார்கள்.