பின்னுவதற்கு முன் நிறத்தைப் பாருங்கள்

குரோஷே ஊசி ஒன்றும் நாலைந்து நூல் உருண்டைகளும் இருந்தால், வீட்டு வேலைகளுக்கிடையே கிடைக்கும் நேரத்தில் எமது சகோதரிகள் மேசை விரிப்பு, குழந்தைப் போர்வை, தொப்பி, கைப்பை என எத்தனையோ பின்னி விடுகிறார்கள். சிலருக்கு இது பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் வருமானம். ஆனால் பல வாரம் கண்விழித்துப் பின்னிய விரிப்பு, விலைபோகாமல் அலுமாரியில் கிடப்பதும் உண்டு. பின்னலில் குறை இருக்காது. நூலிலும் குறை இருக்காது. நிறங்கள் ஒன்றோடொன்று இணங்காததே காரணமாயிருக்கும்.

தனியே பார்க்க அழகாயிருந்த நிறம், இன்னொன்றின் பக்கத்தில் வந்ததும் மங்கிப் போவதேன்? இது பழைய கேள்வி. பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' எனும் ஒளியியல் நூலில், ஒரே வர்ணப் புள்ளி வெளிறிய பின்னணியில் கடுமையாகவும், கடும் பின்னணியில் வெளிறியும் தோன்றுவதை எடுத்துக்காட்டியுள்ளார்.

பாரிஸ் நகரின் கோப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் ஷெவ்ரல் என்ற இரசாயனவியலாளர். ஆலையின் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதென்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. அந்தக் கறுப்பு நூலை வேறிடத்து நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. அருகில் வைத்து நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பின் வலிமையைக் குறைத்துக் காட்டின! இந்த ஆய்வுகளை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: நூலைத் தனித்தனியே பார்த்து வாங்காதீர்கள். எல்லா உருண்டைகளையும் ஒன்றாக வைத்து, கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறங்கள் வெளியே வந்ததும் வேறுபடலாம்.

அடுத்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அல்லது கையடக்கத் தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் பூவேலைப்பாடு எடுப்பாகத் தெரியாது. ஒன்று வெளிறியதாகவும் மற்றது கடுமையாகவும் இருக்கட்டும்.

சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும், மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறங்கள். சம அளவில் வைத்தால் இரண்டும் போட்டியிட்டுக் கண்ணை உறுத்தும். ஒன்றைப் பெரும்பகுதியாக்கி, மற்றதை ஓரத்துக்கோ பூவின் நடுவுக்கோ சிறிதளவு வையுங்கள். மூன்று நிறமானால் ஆறு பங்கு, மூன்று பங்கு, ஒரு பங்கு என்று பிரிப்பது நல்ல கணக்கு. நீலம், நீலப்பச்சை, பச்சை போன்ற அயல் நிறங்கள் அமைதியான தோற்றம் தரும். குழந்தைப் போர்வைக்கு இவை பொருந்தும்.

முடிவெடுக்குமுன் ஒரு மட்டைத் துண்டில் அதே விகிதத்தில் நூல்களைச் சுற்றிப் பாருங்கள். ஒரு நாள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, மறுநாளும் பிடித்திருந்தால் ஊசியை எடுங்கள்.

வீட்டில் மிஞ்சிய நூல்களை வீசிவிட வேண்டாம். சிறு சதுரங்களாகப் பின்னி, ஒவ்வொன்றின் கடைசிச் சுற்றையும் ஒரே நிறத்தில், வெண்பழுப்பிலோ கடும் நீலத்திலோ முடித்தால் எல்லாம் ஒரு குடும்பமாகிவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நூலின் லேபலிலுள்ள சாயத் தொகுதி இலக்கம் ஒன்றாயிருக்கட்டும்; தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். இலக்கம் மாறினால் விரிப்பின் நடுவே கோடு விழுந்தது போல் தெரியும். கடும் நிற நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதை வெள்ளை நூலோடு சேர்க்காதீர்கள். முதற் கழுவலிலேயே உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

இதற்கெல்லாம் செலவாவது கொஞ்ச நேரம்தான். பின்னியதை அவிழ்ப்பதற்குச் செலவாகும் நாட்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், சகோதரிகளே!