தூக்குவது வேறு, தாங்குவது வேறு

இன்று நம் வீட்டில் உலையேறிய அரிசியும், அடுத்த தெருவில் எழும்பும் கட்டடத்துக்குரிய சிமெண்டும், குழந்தைகளின் பாட புஸ்தகங்களும் ஏதோ ஒரு லாரியில் ஏறித்தான் நம் ஊர் வந்து சேர்ந்தன. இரவெல்லாம் கண் விழித்து அதை ஓட்டி வந்த டிரைவரை நாம் எப்போதாவது நினைப்பதுண்டு. ஆனால் அந்த லாரியின் அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கை நினைப்பவர் மிகச் சிலரே. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களிலும், நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளிலும் இது தினசரி நடக்கும் வேலை. அவருடைய மார்புக்கும் பல டன் இரும்புக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் காப்பது எது?

ஜாக்கிதான் காக்கிறது என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். இந்த எண்ணமே உயிருக்கு உலை வைப்பது.

ஜாக்கி ஓர் அற்புதமான கருவி என்பதில் சந்தேகமில்லை. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அந்தத் தத்துவத்தைக் கொண்டு, ஆங்கிலேயரான ஜோஸப் பிராமா 1795-இல் நீரழுத்த யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பட்டறையிலுள்ள எண்ணெய் ஜாக்கி அதன் வம்சத்தைச் சேர்ந்ததே. உதாரணமாக, 20 கிலோ விசையுடன் ஒருவர் ஜாக்கியின் கைப்பிடியை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் நெம்புகோல் அதைப் பதினைந்து மடங்காக்கினால் 300 கிலோ ஆகிறது. சிறிய தண்டின் குறுக்களவு 1 சென்டிமீட்டர், பெரிய தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால், பரப்பளவில் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். ஆகவே மேலே கிடைக்கும் விசை 7,500 கிலோ! ஒற்றை மனிதன் லாரியின் ஒரு புறத்தைத் தூக்கிவிடுகிறான்.

தூக்கியாயிற்று. இனி அதை உயரே நிறுத்தி வைத்திருப்பது எது? உள்ளே அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெய் வெளியேறாமல் தடுப்பவை ஒரு ரப்பர் வளையம், ஒரு சின்னஞ்சிறு வால்வு, கையால் திருகித் திறக்கும் ஓர் ஆணி, இவ்வளவே. வளையம் தேய்ந்திருக்கலாம். வால்வில் மண் துகள் சிக்கியிருக்கலாம். அவ்வழியே போகும் ஒருவர் கைப்பிடியை இடறிவிடலாம். மேலும், ஜாக்கியின் தலை உள்ளங்கை அகலங்கூட இல்லை. வண்டி சிறிது முன்னோ பின்னோ நகர்ந்தாலும் அது சாய்ந்துவிடும். எனவே ஜாக்கியின் தொழில் தூக்குவது. தாங்குவது வேறொன்றின் தொழில். ஜாக்கியால் பளுவை உயர்த்திய உடனேயே அதற்குக் கட்டை அடுக்கியோ வேறு வகையிலோ நிலையான ஆதாரம் கொடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் கட்டளையிடுகின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டியின் அடியிலும் வேலை செய்யலாகாது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு இலாகாவும் எச்சரிக்கிறது.

செய்ய வேண்டிய கிரமம் கடினமானதன்று. முதலில், சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, பாரத்தை இறக்கிவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அடியில் போகிறவரே தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது உத்தமம். பிறகு, தரையிலேயே இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். நம் பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று பொருள். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத்தான் அதன் மகிமை தெரியும்! பிரேக் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். பல லாரிகளில் நிறுத்தி வைக்கும் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்புறத்தைத் தூக்கிவிட்டால், தரையிலுள்ள முன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை.

அடுத்தபடியாக, ஜாக்கியை அச்சுக்கோ, லாரி செய்தவர்கள் குறித்துள்ள இடத்துக்கோ நேர் கீழே வைத்து ஒரு புறத்தை மட்டும் உயர்த்துக. இருபுறமும் ஒரே உயரமுள்ள, தாங்கும் பளு பொறிக்கப்பட்ட இரும்பு ஸ்டாண்டுகளை அச்சின் கீழே வைத்து, ஜாக்கியை மெல்லத் தளர்த்திப் பளு முழுவதையும் அவற்றின் மேல் இறக்குக. அடியில் ஒருவரும் இல்லாதபோதே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்தின் கீழே படுக்க வைத்தால் அது இரண்டாவது காவலாகும்.

ஸ்டாண்டு அகப்படாத இடத்தில், ரெயில் கட்டை போன்ற சதுர மரங்களை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கலாம். செங்கல்லும், உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் கூடவே கூடா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. உருண்டை மரம் உருண்டோடும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச் சாலையில் ஸ்டாண்டின் கால்கள் அழுந்தும். கீழே கனத்த பலகை வேண்டும். ஸ்டாண்டின் வலிமையும் வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான்கு டயர் பூட்டிய பின்னச்சு ஒன்றுக்கு இந்திய சர்க்கார் அனுமதித்த பளு 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. பழைய ஸ்டாண்டை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்யக் கால் மணி நேரம் போதும். பின் ஏன் செய்வதில்லை? மெக்கானிக்குகளுக்கு விஷயம் தெரியாமலில்லை. "ஐந்து நிமிஷ வேலைதானே!" என்ற அவசரமே காரணம். அந்த அவசரத்தை உண்டாக்குபவர் பெரும்பாலும் அடியில் படுத்திருப்பவர் அல்லர்; சரக்குக்காகக் காத்திருக்கும் வியாபாரி, வாடகையை எண்ணும் முதலாளி, மோட்டார் காரைப் பட்டறையில் விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கும் நாம்! சட்டமும் இங்கே நெடுங்காலம் எட்டவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், விசை யந்திரத்துடன் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே பொதுவாகத் தொழிற்சாலை என்று கொண்டது. ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் உள்ள சாலையோரப் பட்டறை அதன் கண்ணில் படவில்லை.

உடலுழைப்புக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் ஓயாமல் சொல்லி வந்தார். மேடையில் கைதட்டுவதோடு அந்த மரியாதை முடிந்துவிடுவதில்லை. லாரி முதலாளி ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் நான்கு முட்டுக்கட்டையும் வைத்திருக்கச் செய்வது மரியாதை. பட்டறையில் நிற்கும் நாம், "அண்ணே, ஸ்டாண்டு வைத்துவிட்டு உள்ளே போங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று சொல்வதும் மரியாதையே. இப்படிச் சொல்ல நமக்கு ஒரு காசும் செலவில்லை. மாலையில் அவருடைய வீட்டு வாசலில் காத்திருக்கும் குழந்தைகளுக்கோ அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.