டைபாய்டு காய்ச்சல்: மருந்துகள் பலனிழப்பது ஏன்?
கொச்சி: டைபாய்டுக்கு உயிர்காக்கும் மருந்தாக விளங்கிய குளோரம்பெனிகால், 1972-ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவிய காய்ச்சலின்போது பலனளிக்கத் தவறியது. நோயை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி கிருமி, அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றிருந்தது. அந்த ஆற்றல் பிற பாக்டீரியாக்களுக்கும் கைமாறக்கூடியது என்ற ஆய்வு முடிவு அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது.

பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ மரபணுத் துணுக்குகள் வழியே இந்த எதிர்ப்பு பரவுகிறது. பின்னர் ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் ஆகியவையும் வலுவிழந்தன. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிராக, கிருமியின் சொந்த மரபணுவிலேயே மாற்றங்கள் தோன்றின. இதனால் தற்போது செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ஆகியவற்றையே மருத்துவர்கள் பெரிதும் நம்பியுள்ளனர்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் தொடங்கிய பரவலில் செஃப்ட்ரியாக்சோனும் பயன்படவில்லை. மாறாக, பயன்பாடு குறைந்த குளோரம்பெனிகாலுக்கு இந்தியாவில் பல இடங்களில் கிருமி மீண்டும் கட்டுப்படுகிறது.

சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் தணியச் சில நாள்கள் ஆகும். அதற்குள் மருந்தை மாற்றுவதும், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவதும் ஆபத்தானவை. வைடால் பரிசோதனையை மட்டும் நம்பாமல், மருந்து தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் பரிசோதனை செய்தால், எந்த மருந்து பலனளிக்கும் என்பதை அறியலாம்.

மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க, கேரள அரசு 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' சோதனைகளைத் தொடங்கியது. எனினும் பள்ளுருத்தி, மட்டாஞ்சேரி போன்ற தாழ்வான, நெருக்கமான பகுதிகளில் குடிநீரில் கழிவுநீர் கலக்காமல் காப்பதே முதல் அரண். நோயே வராவிட்டால் மருந்துக்கும் தேவையில்லை. எதிர்ப்பாற்றல் வளரவும் இடமில்லை.