டூரின் சவத்துணி: ஒரு மூலையில் சிக்கிய விவாதம்

இத்தாலியின் டூரின் நகரப் பேராலயத்தில் பாதுகாக்கப்படும், ஏறத்தாழ 4.4 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்ட பழைய லினன் துணியை, சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடலைப் பொதிந்த துணி என்று நம்பி வணங்குவோர் உலகெங்கும் உள்ளனர். ஆளிச்செடியின் நாரில் நூற்ற நூலால் மீன்முள் வடிவில் நெய்யப்பட்ட அத்துணியில், கசையடித் தழும்புகளும் குருதிக் கறைகளும் கொண்ட ஓர் ஆணின் முன்புறமும் பின்புறமும் மங்கிய பழுப்பு நிறத்தில் பதிந்துள்ளன. 1898இல் செகொண்டோ பியா என்ற வழக்கறிஞர் எடுத்த ஒளிப்படத்தின் எதிர்மறைத் தகட்டில், துணியில் கண்ணுக்குத் தெரிவதைவிட அவ்வுருவம் துலக்கமாகத் தெரிந்ததிலிருந்து, இத்திருப்பண்டம் ஆய்வுக்குரிய பொருளாகவும் ஆயிற்று.

ஆவணங்களில் இத்துணி உறுதியாகத் தலைகாட்டுவது 1350களில், பிரான்சின் லிரே என்ற சிற்றூரில்தான். 1389இல் த்ருவா மறைமாவட்ட ஆயர் பியர் தார்சி, அவிஞ்ஞோனிலிருந்து திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கோரிய ஏழாம் கிளமெண்டுக்கு எழுதிய முறையீட்டில், இது ஓர் ஓவியனின் கைவேலை என்பதைத் தமக்கு முன்பிருந்த ஆயரே விசாரித்துக் கண்டறிந்தார் என்கிறார். ஐயம் முதலில் திருச்சபைக்குள்ளேயே எழுந்தது என்பதை, இதைச் சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான போராகச் சித்திரிப்போர் மறந்துவிடுகின்றனர்.

1978இல் அமெரிக்க அறிவியலாளர் குழு ஒன்று துணியை நேரில் ஆய்ந்தது. அக்குழு எடுத்த இழைகளை நுண்ணோக்கியில் கண்ட வால்டர் மக்ரோன், இரும்பு ஆக்சைடும் சிவப்பு நிறமியான ஜாதிலிங்கமும் இருப்பதாகக் கூறி இதை ஓவியம் என்றார். குழுவைச் சேர்ந்த ஹெல்லரும் ஆட்லரும் கறைகள் குருதியே என்று வாதிட்டனர்.

திருப்புமுனை 1988இல் வந்தது. உயிருள்ள செடி காற்றிலிருந்து ஏற்கும் கார்பனில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகையாகும். செடி அறுக்கப்பட்டதும் அதன் வரவு நின்றுபோக, இருப்பு மட்டும் சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், எஞ்சிய அளவைக்கொண்டு வயதைக் கணிக்க முடிகிறது. துணியின் ஒரு மூலையிலிருந்து வெட்டிய சிறு கீற்றைப் பகிர்ந்துகொண்ட ஆக்ஸ்ஃபோர்டு, சூரிக், அரிசோனா ஆய்வகங்கள், அதன் காலம் 95 விழுக்காட்டு நம்பகத்துடன் கி.பி. 1260 முதல் 1390 வரை என்று 'நேச்சர்' இதழில் 1989இல் வெளியிட்டன. லிரே ஆவணங்களின் காலமும் அதற்குள்ளேயே அடங்குகிறது.

அந்த மூலையைச் சுற்றியே எதிர்வாதங்கள் பின்னப்பட்டன. 1978ஆம் ஆண்டுக் குழுவின் வேதியியலாளர் ரேமண்ட் ராஜர்ஸ், அப்பகுதி நூலில் பருத்தியும் சாயமும் இருப்பதால் அது பிற்காலத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்த இடம் என்று 2005இல் எழுதினார். ஆனால் 2002இல் துணியைச் செப்பனிட்ட நெசவு வல்லுநர் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பர்க் அத்தகைய ஒட்டு எதையும் காணவில்லை. கணக்கும் ராஜர்ஸுக்கு இடங்கொடுக்கவில்லை: முதல் நூற்றாண்டுத் துணி பதினான்காம் நூற்றாண்டைக் காட்டவேண்டுமானால், ஒட்டுப்போட்டதாகச் சொல்லப்படும் பதினாறாம் நூற்றாண்டு நூல் அம்மாதிரியில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் கலந்திருக்க வேண்டும், அது ஒட்டாகாது, துணியே வேறு என்றாகும்.

2019இல் வெளியான மறுபகுப்பாய்வு எழுப்பிய ஐயம் இதைவிட வலுவானது. ஆய்வகங்களின் மூல அளவீடுகளைப் பெற்று ஆராய்ந்த அக்குழு, அளவீடுகள் தம்முள் போதிய அளவு ஒத்திருக்கவில்லை என்று காட்டியது. எனினும் அது 95 விழுக்காடு என்ற உறுதியைத்தான் அசைக்கிறது. முதல் நூற்றாண்டை நிறுவிவிடவில்லை. 2022இல் எக்ஸ்-கதிர் முறையால் துணிக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது இருக்கக்கூடும் என்ற இத்தாலிய ஆய்வோ, துணி நூற்றாண்டுகளாக எத்தகைய வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்தது என்ற ஊகத்தைச் சார்ந்தது; 1532இல் ஷாம்பெரி ஆலயத் தீயில் கருகித் துளைபட்ட துணிக்கு அந்த ஊகம் பொருந்துமா என்பது ஐயமே.

உருவம் எப்படிப் பதிந்தது என்பது தனிக் கேள்வி. நிறமாற்றம் நூலின் மேற்புற நுண்ணிழைகளில் மட்டும் காணப்படுகிறது. அதன் எல்லாப் பண்புகளையும் விளக்குவதாக அனைவரும் ஏற்ற செய்முறை இன்றுவரை இல்லை. ஆயினும் செய்முறை தெரியாதது பழமைக்குச் சான்றாகாது. இத்துணி 1983 முதல் திருத்தந்தையின் உடைமையாக இருப்பதால், துணியின் பல இடங்களிலிருந்து புதிய மாதிரிகள் எடுக்க அவரது இசைவு வேண்டும். அவ்வாறு எடுத்துச் சோதிக்கும்வரை, 1260–1390 என்ற கணிப்பே கையிலுள்ள சான்றுகளில் வலுவானதாகும்.