தீந்தை பூசுமுன்

பழைய மோட்டார் வண்டிக்குப் புது நிறம் பூச எண்ணுவோர் எந்த நிறம் என்பதைப் பற்றியே முதலில் ஆலோசிப்பர். பூச்சு நிலைப்பதோ அதன் அடியிலுள்ள தகட்டைப் பொறுத்தது. இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இக்காருக்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகட்டைக் கறள் தின்றுவிட்டால், அழகோடு வண்டியின் பலமும் போய்விடும். அங்கே கறள் பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குவதால், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இரும்பு நீரோடும் பிராணவாயுவோடும் கூடுவதால் கறள் உண்டாகிறது. கடற்காற்றின் உப்பு அதனைத் துரிதப்படுத்துகிறது. கறளுக்கு மூல இரும்பைவிடக் கூடிய இடம் வேண்டும். ஆகவே, கல் தெறித்த சிறு வடுவினூடே ஈரம் புகுந்ததும், அது பக்கங்களிற் பரவிப் பூச்சைக் கொப்புளம்போல மேலே தள்ளுகிறது. மிளகளவு தோன்றும் கொப்புளத்தைச் சுரண்டினால், உள்ளே ஒரு ரூபாய்க் குற்றியளவு இடம் கெட்டிருத்தல் கூடும்.

முதலில் வண்டியைச் சவர்க்கார நீராற் கழுவி, மெழுகையும் எண்ணெயையும் துடைத்தெடுத்தல் வேண்டும். தேய்த்தபின் துடைக்கலாமெனின், எமரிக் கடதாசி மெழுகைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும். பின்னர், உறுதியான பூச்சு எதிர்ப்படும்வரை சுரண்டி, தகடு பளிச்சிடுமட்டும் கறளை நீக்க வேண்டும். பழைய பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். எனவே நீர் தொட்டுத் தேய்ப்பதும், நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிவதும், சிறுவரை விலக்கி வைப்பதும் அவசியம். வடுவின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாதிருத்தல் வேண்டும். குழிகளில் எஞ்சும் கறளுக்குப் பொசுபோரிக் அமிலம் கலந்த மருந்து உண்டு; கையுறை அணிந்து, குப்பியிற் கண்டபடி பயன்படுத்துக. தகட்டை நன்றாக உலர்த்தி அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசிவிட வேண்டும். ஈரக் காற்றில் வெறுந்தகடு சில மணி நேரத்திலேயே மீண்டும் கறள் பிடிக்கத் தொடங்கும்.

ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டியால் அடைத்து மினுக்கிவிடும் வழக்கமும் உண்டு. அது பழுதுபார்த்தல் அன்று, மறைத்தல். பட்டி சிறு பள்ளத்தை நிரப்புமேயன்றிப் பாரத்தைத் தாங்காது, ஈரத்தையும் உறிஞ்சும். பழைய வண்டி வாங்குவோர் துணி சுற்றிய சிறு காந்தமொன்றைக் கையிற் கொண்டு செல்லலாம். பட்டி தடித்திருக்கும் இடத்தில் அது ஒட்டாது. ஓட்டைக்கு உரிய பரிகாரம், கெட்ட பாகத்தை வெட்டியெறிந்து புதுத்தகட்டைக் காய்ச்சி ஒட்டுவதே. அதனைப் பெற்றோல் தாங்கியின் ஆபத்தறிந்த தொழிலாளியிடமே விட வேண்டும்.

நிறம் பூசி உலர்ந்தபின், பெட்டித் தகட்டின் உட்புறத்துக்குக் கறள் தடுக்கும் மெழுகெண்ணெய் விசிறுவது நன்று. கதவடியில் நீர் வடியும் துவாரங்களைத் தீந்தை அடைத்திருப்பின், ஒரு கம்பியாற் குத்தித் திறந்துவிடுக.